விலங்குரிமையும் விலங்குப் பொருள் துறப்பும்

விலங்குரிமையும் விலங்குப் பொருள் துறப்பும் என்பது, விலங்குகளின் நலனிலோ உரிமையிலோ அக்கறை கொண்ட ஒருவர் இறைச்சி, முட்டை, பால், தேன், தோல், பட்டு முதலிய விலங்குப் பொருட்களையும் கைவிட வேண்டுமா என்னும் அறவியல் வினாவைக் குறிக்கும். மேற்குலகில் இவ்வினா பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த விலங்குரிமை இயக்கத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படுகின்றது. தமிழில் இது அதனினும் மிகப் பழைமையானது. கொன்றவனுக்கே பாவம், தின்றவனுக்கு இல்லை என்ற வாதமும் அதற்கான மறுப்பும் திருக்குறள், மணிமேகலை, நீலகேசி ஆகிய நூல்களிலும் அவற்றின் உரைகளிலும் காணப்படுகின்றன. இக்காலத்தில் பலித் தடைச் சட்டம், ஏறுதழுவல் வழக்கு, பள்ளிச் சத்துணவில் முட்டை ஆகியவை குறித்த விவாதங்களிலும் இதே வினா வேறு வடிவங்களில் எழுந்துள்ளது.

சொற்கள்

தமிழில் ஊன் தவிர்த்த உணவு, சமயப் பெயரை ஒட்டிச் சைவ உணவு எனப்படுகின்றது. மரக்கறி உணவு என்ற சொல்லும் வழங்குகின்றது. இது இலங்கைத் தமிழரிடையே மிகுதி. இவ்விரு சொற்களும் பால், தயிர், நெய் ஆகியவற்றை விலக்குவதில்லை. பால் முதலியவற்றையும் விலக்கும் கொள்கைக்கு நனிசைவம் என்ற சொல் அண்மைக் காலத்தில் ஆக்கப்பட்டது. இக்கொள்கைக்குரிய ஆங்கிலப் பெயரை 1944ஆம் ஆண்டில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவருடைய தோழர்களும் இங்கிலாந்தில் உருவாக்கினர். இந்தியாவில் பொட்டலமிடப்பட்ட உணவுகளில் இடப்படும் பச்சைப் புள்ளி பாலுக்கும் பொருந்தும்; முட்டைக்குப் பொருந்தாது. நனிசைவ உணவுகளுக்கென 2022ஆம் ஆண்டில் தனி ஒழுங்குவிதிகளும் முத்திரையும் வந்தன.

விலங்கு நலம், விலங்குரிமை ஆகிய இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, விலங்குகளைப் பயன்படுத்தலாம், ஆனால் வதைக்கலாகாது என்கின்றது. இரண்டாவது, அவற்றை மனிதனின் பயன்பாட்டுப் பொருளாகக் கருதுவதே தவறு என்கின்றது. 1789இல் வெளிவந்த தம் நூலில் ஜெரமி பெந்தம், விலங்குகள் சிந்திக்குமா, பேசுமா என்பதைவிட அவை துன்புறுமா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி என்றார். ஆனாலும் அவர் இறைச்சி உண்பதைத் தவறெனக் கொள்ளவில்லை. பீட்டர் சிங்கர் தம் விலங்கு விடுதலை (1975) நூலில் துன்பத்தை அளவுகோலாகக் கொண்டு உணவு மாற்றத்தை வலியுறுத்தினார். டாம் ரீகன் 1983இல் வெளியிட்ட நூலில், தன் வாழ்வைத் தானே உணரும் உயிர் ஒவ்வொன்றுக்கும் உள்ளார்ந்த மதிப்பு உண்டு என்றும், அதனை வளமாகப் பயன்படுத்துவதை முற்றிலும் ஒழிக்க வேண்டும் என்றும் வாதிட்டார். அக்கறை உடையவர் பொருளைத் துறக்கத்தான் வேண்டுமா என்பதற்கு, இவ்விரு கொள்கைகளுள் எதனை ஒருவர் ஏற்கிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

சங்க இலக்கியம்

சங்கப் பாடல்களில் உயிரிரக்கமும் ஊனுணவும் முரண்பாடின்றி அருகருகே காணப்படுகின்றன. மயிலுக்குப் போர்வை அளித்த பேகன் வள்ளல்களுள் ஒருவனாகப் போற்றப்படுகின்றான். புலவர்களுக்கு அரசர் அளித்த விருந்திலோ ஊன் முதன்மையானது. புறநானூற்றின் 14ஆம் பாடலில் கபிலர், சேரமான் செல்வக் கடுங்கோ வாழியாதனிடம், தம் கை மென்மையாக இருப்பதற்குக் காரணம் அது ஊனும் சோறும் உண்பதன்றி வேறு தொழில் அறியாததே என்கின்றார். பேகனின் செயலைப் போற்றியோர் அதனை உணவோடு இணைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த இணைப்பைச் செய்தவர்கள் சமணரும் பௌத்தருமே.

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்து முறையிட, தன் மகனையே தேர்க்காலிலிட்ட மனுநீதிச் சோழன் கதை சிலப்பதிகாரத்தில் குறிக்கப்பட்டுப் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்லப்படுகின்றது. இதில் பசு இரக்கத்துக்குரிய உயிராக மட்டுமின்றி, மன்றத்தில் முறையிடும் உரிமையுடைய தரப்பாகவும் நிற்கின்றது. விலங்குரிமை என்ற கருத்துக்குத் தமிழில் இதைவிடத் தெளிவான கதை அரிது.

மணிமேகலையில் சாதுவன்

சாத்தனார் இயற்றிய மணிமேகலை பௌத்தக் காப்பியம் ஆகும். இதன் ஆதிரை பிச்சையிட்ட காதையில், கப்பல் உடைந்து நாகர் வாழும் தீவில் கரையேறிய சாதுவன் என்னும் வணிகன், அவர்களின் தலைவனுக்கு அறம் உரைக்கின்றான். கொலையை விடுக என்றதும், எங்கள் வாழ்க்கை முறைக்கு ஏற்ற அறம் எதுவோ அதனைச் சொல் எனத் தலைவன் கேட்கின்றான். முதுமையால் தாமே இறக்கும் விலங்குகளைத் தவிர வேறு எவ்வுயிருக்கும் தீங்கு செய்யாதிருங்கள் என்பது சாதுவன் கூறும் வழியாகும்.

இவ்விடம் இரு காரணங்களால் கவனிக்கத்தக்கது. முதலாவதாக, பொருளும் கொலையும் இங்கு தனித்தனியே பிரிக்கப்படுகின்றன. ஊன் என்பதற்காக ஊன் விலக்கப்படவில்லை. இரண்டாவதாக, கேட்பவரின் வாழ்நிலைக்கு ஏற்ப அறம் அளந்து தரப்படுகின்றது. பாலி நூல்களில் பிக்குகளுக்குக் கூறப்பட்ட விதியும் இதற்கு நெருங்கியதே. தனக்காகக் கொல்லப்பட்டது எனக் கண்டோ, கேட்டோ, ஐயுற்றோ இராத ஊனைப் பிக்கு ஏற்கலாம் என்பது அவ்விதி. இதே காப்பியத்தில், வேள்விக்காகக் கட்டப்பட்ட பசுவை ஆபுத்திரன் இரவில் விடுவித்து அதனால் ஊரைவிட்டு விரட்டப்படும் கதையும் உள்ளது.

திருக்குறளும் பரிமேலழகர் உரையும்

திருக்குறளில் புலான்மறுத்தல் (26), கொல்லாமை (33) ஆகிய இரு அதிகாரங்களும் துறவறவியலில் இடம்பெறுகின்றன. எனவே இவை துறவிகளுக்கே உரியவை என்போரும், கூறப்படும் காரணங்கள் எல்லோருக்கும் பொதுவானவை என்போரும் உளர்.

இக்கட்டுரைப் பொருளுக்கு மிக நெருங்கியது 256ஆம் குறள். தின்பதற்காக உலகத்தார் கொல்வதில்லை என்றால், விலைக்காக ஊனைத் தருபவர் யாரும் இருக்கமாட்டார் என்பது இதன் கருத்து. கொலைக்கான பொறுப்பு கொல்பவரிடமிருந்து வாங்குபவரை நோக்கி நகர்த்தப்படுகின்றது. இக்காலப் பொருளியல் மொழியில் கூறுவதாயின், தேவையே வழங்கலை உருவாக்குகின்றது.

பரிமேலழகரின் உரை இக்குறளை ஒரு வாதத்துக்கான விடையாகக் காட்டுகின்றது. அவர் காட்டும் எதிர்வாதி, தின்பது பின்னால் நிகழ்வது, கொலை முன்னால் நிகழ்வது. பின்னால் நிகழ்வது முன்னால் நிகழ்ந்ததற்குக் காரணமாக முடியாது, எனவே தின்பவருக்குப் பாவம் இல்லை என்கின்றார். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அன்று. கடையில் தொங்கும் ஆடு, நான் வாங்காவிட்டாலும் இறந்ததுதானே என்று இன்றும் கேட்கப்படுவது இதுவேயாகும். பரிமேலழகர் இதற்கு அருத்தாபத்தி என்னும் அளவையைக் கொண்டு விடை காண்கின்றார். பகலில் உண்ணாதவன் பருத்திருந்தால் அவன் இரவில் உண்கிறான் எனக் கொள்வது அருத்தாபத்திக்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. அதுபோல, வாங்குவோர் இல்லையெனில் விற்போர் இல்லை என்பதிலிருந்து, வாங்குவதே கொலைக்குக் காரணம் என்பது பெறப்படுகின்றது. ஒரு தனிக் கொலையின் காரணம் எது என்ற கேள்வியை விட்டு, கொலைத்தொழில் என்ற நடைமுறையின் காரணம் எது என்ற கேள்விக்கு உரை நகர்வதே இவ்விடையின் வலிமை.

இந்த விடைக்கு ஓர் எல்லையும் உண்டு. இது கொன்று பெறும் பொருளுக்கு நேராகப் பொருந்தும். கொல்லாமல் பெறும் பாலுக்கும் உதிர்ந்த இறகுக்கும் அப்படியே பொருந்தாது.

நீலகேசி

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசி, ஆசிரியர் பெயர் அறியப்படாத சமண நூல் ஆகும். குண்டலகேசி என்னும் பௌத்தக் காப்பியத்துக்கு மறுப்பாக இது எழுந்தது. இதன் கதையே பலி மறுப்பில் தொடங்குகின்றது. காளி கோயிலில் ஆடு பலியிட வந்தோரை முனிச்சந்திரர் என்ற சமண முனிவர் தடுத்து, மண்ணால் செய்த உருவைப் படைத்தால் போதும் என்கின்றார். பலியை இழந்த காளி, முனிவரை அச்சுறுத்தப் பழையனூர் நீலியை நாடுகின்றாள். அச்சுறுத்த வந்த நீலியோ அவரிடம் அறம் கேட்டுச் சமணத்தைத் தழுவி, நாடெங்கும் சென்று வாதிடுபவளாகின்றாள். பேய் ஒன்று உயிரிரக்கத்தின் வாதியாக மாறுவது தமிழ்க் காப்பியங்களில் வேறெங்கும் இல்லாத அமைப்பாகும்.

பௌத்தருடன் நிகழும் வாதங்களில், கொல்லாமையைப் போற்றிக்கொண்டே ஊன் உண்பது எவ்வாறு பொருந்தும் என நீலகேசி வினவுகின்றாள். கொன்றவன் ஒருவன், உண்பவன் வேறொருவன் என்ற விடையை அவள் ஏற்பதில்லை. இந்நூலுக்குச் சமய திவாகரம் என்ற உரையை வாமன முனிவர் எழுதினார். மூலமும் உரையும் அ. சக்கரவர்த்தி நயினார் அவர்களால் 1936ஆம் ஆண்டில் பதிப்பிக்கப்பட்டன.

சமணத்தின் துறப்பு இறைச்சியோடு நிற்பதில்லை. தேனையும் அது கள், ஊன் ஆகியவற்றோடு சேர்த்து விலக்குகின்றது. ஆனால் பாலை விலக்கவில்லை. திகம்பரத் துறவிகள் சிற்றுயிர்களுக்கு ஊறு நேராமல் இருக்கக் கையில் வைத்திருக்கும் மயிற்பீலிக் கற்றையும் ஒரு விலங்குப் பொருளே. அது தானே உதிர்ந்த பீலியால் ஆனது. அதாவது, தமிழ்நாட்டில் மிகக் கடுமையான உயிரிரக்கக் கோட்பாடும்கூட விலங்குப் பொருள் முழுவதையும் விலக்கவில்லை. ஊறு இருக்கும் இடத்தை மட்டுமே தேடி விலக்கியது.

வள்ளலார்

இராமலிங்க அடிகள் (1823–1874) புலால் மறுப்பைத் தம் சன்மார்க்கத்தின் நுழைவாயிலாக வைத்தார். 1867ஆம் ஆண்டில் வடலூரில் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலை இன்றும் உணவளித்து வருகின்றது. உயிர்க்கொலையும் புலால் உணவும் உடையோரை அவர் தம் இனத்தார் அல்லாத புறவினத்தார் என வகைப்படுத்தினார். ஆயினும் பசி என வந்தால் அவர்களுக்கும் உணவளிக்க வேண்டும் என்றே கூறினார். பொருளைத் துறக்காதவரை ஏற்காமலும், அதே நேரத்தில் பசியோடு விடாமலும் இருக்கும் இந்நிலை அவருக்கே உரியது.

செடிகொடிகளுக்கும் உயிர் உண்டே, அவற்றை உண்ணலாமா என்ற கேள்வியையும் அவர் தம் சீவகாருண்ய ஒழுக்கத்தில் எடுத்துக்கொண்டுள்ளார். வித்து, காய், கனி முதலியவற்றைக் கொள்வது, நகத்தையும் மயிரையும் களைவது போன்றது. அதனால் உயிருக்குத் துன்பம் இல்லை என்பது அவருடைய விடையின் சாரம். இன்றும் இந்த விவாதத்தில் முதலில் எழுப்பப்படும் எதிர்க்கேள்வி இதுவே.

பால், பட்டு, தோல்

பாலைப் பொறுத்தவரை இந்தியாவில் மிக அறியப்பட்ட துறப்பு காந்தியுடையதாகும். தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, பசுவிடமும் எருமையிடமும் பால் கறக்கக் கையாளப்பட்ட கொடிய முறைகளை அறிந்து, 1912இல் பாலை விடுவதாக அவர் உறுதி பூண்டார். 1918இல் கடும் நோய்வாய்ப்பட்டபின், உறுதி பூண்டபோது மனத்தில் இருந்தவை பசுவும் எருமையும் மட்டுமே என்ற கருத்தில் ஆட்டுப்பால் அருந்த இசைந்தார். சொல்லைக் காத்து அதன் உயிரை விட்டுவிட்டதாகத் தம் தன்வரலாற்றில் அவரே வருந்தி எழுதியுள்ளார்.

பால் கொல்லாமல் பெறப்படுவது என்ற எண்ணம் உழவில் மாடு தேவைப்பட்ட காலத்தில் பெரிதும் பொருந்தியது. பசு ஈன்றால்தான் பால் சுரக்கும். ஈனும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளைக்கன்றுகள். அவை முன்பு ஏருக்கும் வண்டிக்கும் கவலைக்கும் சென்றன. உழுபொறியும் மின் இறைப்பியும் வந்தபின் அவற்றுக்கு வேலை இல்லை. கறவை வற்றிய பசுவை வைத்துக் காப்பதும் சிறு விவசாயிக்கு எளிதன்று. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாத மாடுகளை மட்டும் சான்று பெற்று வெட்ட இடமளித்தது. ஆக, பாலும் இறைச்சியும் ஒரே தொழுவத்திலிருந்து வருவன. ஒன்றை ஏற்று மற்றதை மறுப்பவர் இக்கணக்கை எதிர்கொள்ள வேண்டியுள்ளது.

பட்டில் கணக்கு இன்னும் நேரானது. அறுபடாத நீண்ட இழை கிடைக்க வேண்டுமானால் புழு கூட்டைத் துளைத்து வெளியேறும் முன் கூடு வேகவைக்கப்பட வேண்டும். இதனால் காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரசுவதி, பட்டுடுத்துவதைக் கைவிடும்படி பெண்களுக்கு அறிவுறுத்தி வந்தார். பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற அதே ஊரின் மடத்திலிருந்து இவ்வறிவுரை வந்தது என்பது ஒரு சுவையான செய்தி. திருமணப் பட்டு அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. பின்னர், அந்துப்பூச்சி வெளியேறியபின் கூட்டிலிருந்து நூற்கும் அகிம்சைப் பட்டினை ஐதராபாத்தைச் சேர்ந்த குசுமா ராஜையா பரவலாக அறியச் செய்தார். ஆயினும் பல்லாயிரம் ஆண்டு வளர்ப்பால் பறக்கும் திறனை இழந்துவிட்ட அப்பூச்சிகள் கூட்டைவிட்டு வெளியேறினாலும் நெடுநாள் வாழ்வதில்லை.

தோல் பற்றித் தமிழ்நாட்டில் விவாதம் குறைவு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் பெரிய அளவில் நடைபெறுகின்றது. சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இயங்கி வருகின்றது. சைவ உணவு உண்போரும் தோற்செருப்பு அணிவதை முரணாகக் காண்பதில்லை. மிருதங்கமும் தவிலும் தோலால் ஆனவையே.

சட்டத்தின் நிலை

இந்தியாவின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் (1960) உருவாகச் சென்னை கலாசேத்திராவின் நிறுவனர் ருக்மிணி தேவி அருண்டேல் முதன்மைக் காரணர் ஆவார். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், இப்பொருளில் தனிநபர் சட்டமுன்வடிவு ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்ற நேருவின் உறுதியின்பேரில் அதனைத் திரும்பப் பெற்றார். சட்டத்தின்படி 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியம் நெடுங்காலம் சென்னையில் இயங்கிப் பின்னர் அரியானாவுக்கு மாற்றப்பட்டது. இதற்கு முன்பே, 1959இல் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு தொடங்கப்பட்டிருந்தது.

ருக்மிணி தேவி உறுதியான சைவ உணவினர். ஆனால் அவருடைய முயற்சியால் வந்த சட்டம் எவரையும் எப்பொருளையும் துறக்கச் சொல்லவில்லை. உணவுக்காகக் கொல்வதை, தேவையற்ற துன்பம் தரப்படாதவரை, 11ஆம் பிரிவு குற்றமாகக் கொள்வதில்லை. சமய முறைப்படி கொல்வதை 28ஆம் பிரிவு விலக்கி வைக்கின்றது. முதல் முறை வதைக்கு அச்சட்டம் விதித்த தண்டம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை மட்டுமே. சில பயன்பாடுகள் மட்டும் பிற்காலத்தில் முற்றாகத் தடுக்கப்பட்டன. புலி, சிங்கம், கரடி, குரங்கு, சிறுத்தை ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்த 1998இல் தடை வந்தது. ஒப்பனைப் பொருட்களை விலங்குகளிடம் சோதிப்பது 2014இல் தடை செய்யப்பட்டது. விலங்கியல் மாணவர்களின் தவளை அறுப்பும் பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறிகளால் அதே காலத்தில் கைவிடப்பட்டது.

பலித் தடையும் ஏறுதழுவலும்

1950ஆம் ஆண்டின் விலங்குகள், பறவைகள் பலித் தடைச் சட்டம் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுத்தது. பெரும்பாலும் ஏட்டில் மட்டும் இருந்த இச்சட்டத்தைக் கண்டிப்புடன் செயற்படுத்த 2003இல் தமிழக அரசு ஆணையிட்டது. ஊர்த் தெய்வ வழிபாட்டினரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. கோயிலில் வெட்டப்படும் கிடாயும் உண்ணப்படுவதுதான். கடையில் வெட்டினால் குற்றமில்லை, அய்யனார் முன் வெட்டினால் குற்றமா என்பது அவர்களின் கேள்வி. 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. உணவைத் தொடாமல் பலியை மட்டும் தடுக்கும் சட்டம், விலங்கின் பொருட்டு வந்ததா, வழிபாட்டு முறையின் பொருட்டு வந்ததா என்ற ஐயம் அதன் மீது இறுதிவரை இருந்தது.

2014 மே 7 அன்று, ஏறுதழுவலைத் தடை செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, விலங்குகளின் கண்ணியத்தையும் வதையின்றி வாழும் உரிமையையும் அரசியலமைப்பின் துணைகொண்டு விரிவாகப் பேசியது. 2017 சனவரியில் சென்னை மெரினாவிலும் பிற இடங்களிலும் நடைபெற்ற போராட்டத்துக்குப் பின் தமிழ்நாடு அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்திருத்தத்தை ஏற்றது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமைகள் உண்டு என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. இவ்விவாதத்தில் இரு தரப்பும் விலங்குப் பொருளை நோக்கியே வாதிட்டன. காளையை ஓராண்டு முழுதும் ஊட்டி வளர்ப்பவரை வதைப்பவர் என்பவர் இறைச்சியை என்ன செய்வார் என ஒரு தரப்பு கேட்டது. இறைச்சி தவறாயினும் ஆகாவிட்டாலும், விளையாட்டுக்காகத் துன்புறுத்துவது தனித் தவறே என மறுதரப்பு கூறியது. களத்தை இழந்தால் நாட்டுக் காளை அடிமாடாகத்தான் போகும் என்ற வாதமும் வலுவாக முன்வைக்கப்பட்டது.

உணவும் சமூகமும்

புலால் மறுப்பு இந்தியாவில் அறநெறியாக மட்டும் இருந்ததில்லை. சாதிப் படிநிலையின் அடையாளமாகவும் இருந்து வந்துள்ளது. 1948இல் வெளியான தீண்டத்தகாதார் பற்றிய தம் நூலில் அம்பேத்கர், இறந்த மாட்டின் இறைச்சியை உண்டோர் மீது தீண்டாமை சுமத்தப்பட்டது என்ற கருத்தை முன்வைத்தார். தானே இறந்த விலங்கை உண்பதே சாதுவன் காட்டிய கொல்லாமை வழி என்பதை இதனோடு ஒப்புநோக்கினால், யாருடைய உணவு இழிவாகும் என்பதைக் கொலையின் அளவு தீர்மானிக்கவில்லை என்பது விளங்கும். சைவ உணவினருக்கு மட்டும் வாடகைக்கு என்னும் அறிவிப்புப் பலகைகளைப் பலர் இவ்வரலாற்றின் தொடர்ச்சியாகவே காண்கின்றனர்.

ஊட்டச்சத்து மற்றொரு பக்கம். தமிழ்நாட்டுப் பள்ளிச் சத்துணவில் முட்டை 1989இல் சேர்க்கப்பட்டு, 2010இல் வாரத்தில் ஐந்து நாட்களுக்கு உயர்த்தப்பட்டது. முட்டை உண்ணாத மாணவர்களுக்கு வாழைப்பழம் வழங்கப்படுகின்றது. இம்முட்டைகளுக்கு ஊற்றான நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகளின் கம்பிக் கூண்டு வளர்ப்பு, விலங்குரிமையாளர் மிகக் கடுமையாகக் கண்டிக்கும் முறையாகும். ஏழைக் குழந்தையின் தட்டில் இருக்கும் மலிவான புரதமும் அதுவே. பால், பருப்பு, கொட்டைகள் வாங்க வசதியுள்ள வீட்டில் துறப்பது வேறு. இங்கு துறக்கச் சொல்வது வேறு.

சிவகாசி வட்டாரத்தில்

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த தாயில்பட்டி, சிவகாசிப் பட்டாசு, தீப்பெட்டித் தொழில் வட்டாரத்தில் அமைந்த ஊராகும். விலங்குப் பொருள் துறப்பின் எல்லை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை இவ்வட்டாரத்தின் அன்றாடப் பொருட்களைக் கொண்டே காணலாம்.

1920களில் சண்முக நாடார், அய்ய நாடார் ஆகியோர் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். தீக்குச்சியின் தலையில் உள்ள மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு, கந்தகம் முதலியவற்றைப் பிணைத்து நிறுத்தப் பசை வேண்டும். தோல், எலும்பு ஆகியவற்றைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையே இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது. பிணைப்பதோடு, எரியும்போது நுரைத்து மருந்து சீராக எரியவும் அது உதவுகின்றது. புலால் மறுத்த வீட்டின் பூசை விளக்கும் பெரும்பாலும் இக்குச்சியால்தான் ஏற்றப்பட்டது. மருந்துக் குளிகைகளின் கூடும் பழைய திரைப்படச் சுருளின் மேற்பூச்சும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஊன்பசையால் ஆனவையே. முழுத் துறப்பு இயலாது என்போர் இத்தகைய பொருட்களைச் சுட்டுவர். இயலும் அளவுக்குத் துறப்பதே தங்கள் கொள்கை என நனிசைவர் விடையளிப்பர்.

அருகிலுள்ள திருவில்லிபுத்தூரின் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலும் சர்க்கரையும் மட்டுமே கொண்ட இவ்வினிப்பு பல குடும்பங்களின் வருவாயாகும். மானாவாரிக் கரிசல் நிலத்துக்கு உரமேற்றுவது ஆட்டுக்கிடை. அறுவடைக்குப்பின் நிலத்தில் ஆடுகளை இரவில் அடைத்து, புழுக்கையும் சிறுநீரும் விழச் செய்வதே கிடை போடுதல் எனப்படும். அவ்வுரத்தில் விளையும் கம்பும் உளுந்தும் சைவ உணவாகவே கருதப்படுகின்றன.

பட்டாசில் விலங்குப் பொருள் பெரும்பாலும் இல்லை. கந்தகம், வெடியுப்பு, அலுமினியத் தூள், காகிதம் ஆகியவையே முதன்மையானவை. ஆனால் அதன் ஓசையும் புகையும் நாய்களையும் பறவைகளையும் கடுமையாக அச்சுறுத்துகின்றன. விலங்கிலிருந்து எதையும் எடுக்காத ஒரு பொருளும் விலங்குக்குத் தீங்காகலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வலசை வரும் பறவைகள் கலையாதிருக்கத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை எனப் பல்லாண்டுகளாகக் கட்டுப்பாடு காத்து வருகின்றனர். இது ஓர் உணவுத் துறப்பு அன்று. ஊரார் கூடி, தங்கள் ஊர்ப் பறவைகளுக்காக, தங்கள் மகிழ்ச்சியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்த செயல்.

வாங்குபவரே பொறுப்பு என்ற 256ஆம் குறளின் வாதம் இவ்வட்டாரத்தை நோக்கியே ஒருமுறை திருப்பப்பட்டது. சிவகாசித் தொழிற்கூடங்களில் குழந்தைத் தொழிலாளர் இருந்ததைக் காட்டி, பட்டாசு வாங்காதீர் என்ற பரப்புரை 1990களில் நாட்டின் பல நகரப் பள்ளிகளில் நடைபெற்றது. 1996 திசம்பர் 10 அன்று எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழில்களிலிருந்து குழந்தைகளை விலக்கவும், சட்டத்துக்கு மாறாகப் பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் முதலாளிகளிடம் பெறவும் ஆணையிட்டது. வாங்குவதை நிறுத்தினால் கொடுமை நிற்கும் என்பது வெளியூர் நுகர்வோரின் நிலைப்பாடு. வாங்குவதை நிறுத்தினால் முதலில் நிற்பது எங்கள் கூலி. வேண்டுவது வேலைநிலைமையின் திருத்தமே என்பது தொழிலை நம்பியோரின் நிலைப்பாடு. விலங்குப் பொருள் குறித்த விவாதத்தில் உரிமைக் கொள்கையினரும் நலக் கொள்கையினரும் பிரியும் இடமும் ஏறத்தாழ இதுவே. வேறுபாடு என்னவென்றால், சிவகாசித் தொழிலாளர் தம் நிலைப்பாட்டைத் தாமே கூற முடிந்தது. தொழுவத்துக் கன்றுக்காகப் பேச அவ்வாறான மன்றம் மனுநீதிச் சோழன் கதையில் மட்டுமே உள்ளது.